ஆறு சக்கரச் சாட்சி

சேரன்மகாதேவி ஸ்டேஷனில் இறங்கும்போதே இன்பமணி தன் கணவரிடம் ஒரு வாக்குறுதி வாங்கிக்கொண்டாள்.

“ஒரு மணி நேரம். அதுக்கு மேல அந்த இரும்பைப் பாத்துக்கிட்டு நின்னீங்கன்னா, நான் அடுத்த வண்டி ஏறிக் குத்தாலம் போயிருவேன். சாரலும் அருவியும் எனக்கு. துருவும் கரியும் உங்களுக்கு.”

தேவதாசன் சம்மதித்தார். இருபது வருஷம் போலீஸ் இலாகாவில் இருந்துவிட்டு, இப்போது பாளையங்கோட்டை வக்கீல்களுக்காகத் தனியே துப்புத் துலக்கித் தருபவர் அவர். அவர் எடுக்கும் வழக்குகளில் பாதியை இன்பமணியின் வாய்தான் முடித்து வைக்கிறது என்று கோர்ட்டில் ஒரு பேச்சு உண்டு. அதை அவர் மறுத்ததில்லை. 1911, ஜூலை முதல் வாரம், சனிக்கிழமை காலை. மூன்று வருஷத்துக்குப் பிறகு இருவரும் எடுத்த விடுமுறை அது.

அவர் பார்க்க ஆசைப்பட்டது ஆறு சக்கரம் உள்ள ஒரு குட்டி என்ஜினை. செங்கோட்டை மலைப்பாதை போட்டபோது கல் சுமந்தது. பாதை முடிந்ததும் கல் காண்டிராக்டர் சிவசண்முகம் அதை வாங்கி வந்து, தன் ஆற்றோரத் தோட்டத்தில் அறுபது கஜம் தண்டவாளம் போட்டு, பச்சை வர்ணம் அடித்து, ஊர் பார்க்க நிறுத்தியிருந்தார். திருநெல்வேலியிலிருந்துகூட ஜனங்கள் கட்டுச்சோறு கட்டிக்கொண்டு வந்து பார்த்துவிட்டுப் போவார்கள்.

தோட்டத்தின் கேட் திறந்தே கிடந்தது. உள்ளே செங்கல் மேடை. அதன்மேல் தண்டவாளம். தண்டவாளத்தின்மேல் ஒன்றுமில்லை.

“ரொம்பக் குட்டி இஞ்சின் போல,” என்றாள் இன்பமணி. “கண்ணுக்கே தெரியலை.”

தேவதாசன் தண்டவாளத்தின் கடைசிவரை நடந்தார். அங்கே என்ஜினைத் தடுக்கப் போட்டிருந்த முட்டுக்கட்டை இரண்டாகப் பிளந்து கிடந்தது. பக்கத்தில் மண்மேல் யாரோ ஒரு பிடி அரளிப்பூ வைத்திருந்தார்கள். பூ வாடிப்போயிருந்தது.

“இஞ்சின் பாக்க வந்தீகளா, ஐயா?”

கேட்டுக்கு வெளியே புன்னை மரத்தடியில் உட்கார்ந்திருந்த பெண் எழுந்து வந்தாள். முப்பது வயது இருக்கும். இரண்டு நாளாகத் தலை வாரவில்லை என்பது தெரிந்தது. பெயர் சுடலைவடிவு. அந்த என்ஜினை மலையில் ஓட்டி, பிறகு எட்டு வருஷமாக இங்கே துடைத்துப் பாதுகாத்த சங்கிலிபூதத்தானின் மனைவி.

“சீமை ராசாவுக்குப் பட்டம் கட்டுன அன்னைக்கு, இஞ்சினை ஓட்டிக் காட்டணும்னு மொதலாளி சொன்னாக. எங்க வீட்டுக்காரவுக வெறகு போட்டு ஆவி ஏத்தி ஓட்டுனாக. இந்தக் கடைசில நிறுத்தணும். பிரேக்கைத் திருகுனா நிக்கலை. முட்டுக்கட்டைக்குப் பின்னால தோட்டக்கார மாடக்கண்ணு நின்னுக்கிட்டு இருந்தான், ஐயா.”

அவள் அரளிப்பூவைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

“இவுக குடிச்சிட்டு ஓட்டுனாகன்னு மொதலாளி எழுதிக் குடுத்துட்டாக. கள்ளு வாசனையே ஆகாத மனுசன். பத்து நாளாச்சு பாளையங்கோட்டை ஜெயில்ல. திங்கக்கிழமை விசாரணை.”

“உங்க வீட்டுக்காரர் என்ன சொல்லுதாரு?”

“பிரேக்கைத் திருகும்போது கீழ சடக்குன்னு கேட்டுச்சாம். இரும்பு ஒடிஞ்சா அப்படிக் கேக்காது, பனமட்டை முறிஞ்ச கணக்கா கேட்டுதுன்னாக. இஞ்சினைப் பாக்கணும்னு வக்கீல் ஐயா புதன்கிழமை கோர்ட்டுல எழுதிப் போட்டாக. வெள்ளிக்கிழமை வந்து பாத்தா இஞ்சினைக் காணலை.”

இன்பமணி கணவரைப் பார்த்தாள். ஒரு மணி நேர வாக்குறுதியைப் பற்றி அவள் அதற்குப் பிறகு பேசவில்லை.

சிவசண்முகம் பங்களாவிலிருந்து இறங்கி வந்தார். ஐம்பது வயது, கனத்த உடம்பு, சந்தனப் பொட்டு. சுடலைவடிவைக் கண்டதும் அவர் நடை ஒரு கணம் தயங்கியது.

“இஞ்சினை வித்தாச்சு வே. தூத்துக்குடிக்காரர் ஒருத்தர் வாங்கிட்டாரு. எட்டு சோடி மாடு பூட்டி வியாழக்கிழமை ரோட்டு வழியா இழுத்துட்டுப் போனாக. கோர்ட்டுக் காகிதம் அதுக்கு மறுநாள்தான் என் கைக்கு வந்துது. நான் என்ன செய்யட்டும்?”

“வியாழக்கிழமை இங்க சாரல் உண்டா, அண்ணாச்சி?” என்று கேட்டார் தேவதாசன்.

“நல்ல சாரல்.”

“அப்ப ரோடு சேறாத்தான் கிடந்திருக்கும்.”

இன்பமணி சொன்னாள். “நாங்க இப்ப ஒரு மாட்டு வண்டியில வந்தோம். என் ஒரு டிரங்குப் பெட்டிக்கே நாலு விரக்கடை தடம் விழுந்திருக்கு. எட்டு சோடி மாடு இழுத்த இஞ்சின் பூ மாதிரி நடந்து போயிருக்கு போல.”

ரோட்டில் தடம் இல்லை. ஆற்றுப் பக்கம் நாணல் ஒன்றுகூட மடங்கவில்லை. என்ஜின் தோட்டத்தைவிட்டு வெளியே போகவில்லை என்று தேவதாசன் முடிவு செய்தார். தோட்டத்துக்குள் ஒரு என்ஜினை மறைக்கக்கூடியது அவர் கண்ணுக்கு ஒன்றுதான் தெரிந்தது. தொழுவத்துக்குப் பக்கத்தில், ஒரு வீட்டு உயரத்துக்கு, வைக்கோல் படப்பு.

“அதைப் பிரிச்சுப் பாக்கலாமா, அண்ணாச்சி?”

“தாராளமா,” என்றார் சிவசண்முகம். ஆட்களைக் கூப்பிட்டுத் தாமே பிரிக்கச் சொன்னார். தேவதாசன் சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு அவர்களோடு சேர்ந்து இழுத்தார். இன்பமணியும் சுடலைவடிவும் புடவையைச் செருகிக்கொண்டு இறங்கினார்கள். ஒரு மணி நேரத்தில் படப்பு தரைக்கு வந்தது. உள்ளே இருந்தது வைக்கோல்தான். அடியில் ஒரு கோழி அடை காத்துக்கொண்டிருந்தது.

“கோழியையும் பிரிச்சுப் பாக்கணுமா வே?” என்றார் சிவசண்முகம். ஆட்கள் சிரித்தார்கள். “விடுமுறைக்கு வந்தவுக விடுமுறையைப் பாத்துக்கிட்டுப் போறது நல்லது. சாயந்திரம் நாலு மணிக்குத் தென்காசி வண்டி இருக்கு.”

சுடலைவடிவு அந்த இடத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். தேவதாசனின் முகம் கறுத்துப்போயிருந்தது. தன் தவறால் அந்தப் பெண்ணைப் பார்த்து எல்லோரும் சிரிக்கும்படி செய்துவிட்டோம் என்பது அவருக்கு உறைத்தது.

வைக்கோல் சுணை இன்பமணியின் கை கால் எல்லாம் அரித்தது. மேடையின் கடைசியிலிருந்து இருபது கஜம் தள்ளி ஒரு அல்லிக்குளம் இருந்தது. நாலு பக்கமும் கல் படி கட்டி, அழகுக்கென்று வெட்டிய சிறு குளம். தண்ணீர் மேல்படிவரை தளும்பிக்கொண்டிருந்தது. அவள் போய்க் காலை விட்டு அலம்பினாள். அலம்பிவிட்டு வெளியே எடுத்தால், காலில் தண்ணீர் ஒட்டவில்லை. முத்து முத்தாக உருண்டு வழிந்தது. விரலால் தேய்த்து முகர்ந்து பார்த்தாள்.

“ஏங்க, பைய இங்க வாங்க,” என்று கூப்பிட்டாள். அவர் வந்ததும் குரலைத் தாழ்த்தினாள். “நான் குத்தாலத்துல எண்ணெய் தேய்ச்சுக் குளிக்கணும்னு கேட்டேன். இந்த ஊர்ல குளத்துக்கே எண்ணெய் தேய்ச்சு விட்டிருக்காங்க. இஞ்சினுக்குப் போடுற அதே விளக்கெண்ணெய்.”

தேவதாசன் குளத்தைப் பார்க்கவில்லை. கரைக்கு அப்பால் பார்த்தார். குளத்துக்குக் கீழே, சாரல் மேல்மண்ணை மட்டும் நனைத்திருந்ததால், சிவசண்முகத்தின் சொந்த நாற்றங்கால் வெடித்துக் கிடந்தது. நாற்று முனை பழுத்துவிட்டது. கார் நெல் சாகுபடிக்கு ஆரம்ப நாள். கன்னடியன் கால்வாயில் தண்ணீர் குறைவு என்று ஊரே முறை வைத்துக் காத்திருக்கிறது.

“தன் நாத்து சாகும்போது அல்லிப்பூவுக்குத் தண்ணி கட்டுற விவசாயி யாரு?” என்றார் அவர்.

“அல்லிக்குக் கீழ அதைவிட முக்கியமான ஒன்னு கிடந்தா கட்டுவான்,” என்றாள் இன்பமணி. “அந்தப் பூந்தொட்டியைப் பாத்தீங்களா?”

மேடையிலிருந்து குளத்துப் படிவரை குரோட்டன்ஸ் தொட்டிகள் இரண்டு வரிசையாக நின்றன. நூல் பிடித்தது போல நேராக நின்றன. தேவதாசன் ஒரு தொட்டியை நகர்த்தினார். அடியில் புல் நசுங்கி, தண்டவாளம் போட்டு எடுத்தது போல மண்ணில் ஒரு விரல் ஆழத்துக்கு நீளப் பள்ளம். அடுத்த தொட்டிக்கு அடியிலும் அதுவே. இரண்டு வரிசைக்கும் நடுவே இருந்த தூரத்தை அவர் கைத்தடியால் அளந்தார்.

மூன்றேகால் அடி. தண்டவாளத்தின் அகலம் அதுதான்.

மேலே பங்களா வராந்தாவில் சிவசண்முகம் எழுந்து நின்றார். அவர் அவர்களையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கை காட்டியதும் நாலு ஆட்கள் கம்போடு குளத்தை நோக்கி இறங்கினார்கள்.

“ஏளா, எத்தனை நேரம் ஆகும்?” என்று தேவதாசன் கேட்டார்.

“எதுக்கு?”

“ஊரைக் கூட்ட.”

“என் வாய்க்கா? அரை மணி,” என்று சொல்லிவிட்டு அவள் சுடலைவடிவின் கையைப் பிடித்துக்கொண்டு கால்வாய்க் கரையில் ஓட்டமும் நடையுமாகப் போனாள்.

கால்வாய் மடையடியில் முறைக்காகக் காத்துக் கிடந்த விவசாயிகள் பத்திருபது பேர் இருந்தார்கள். இன்பமணி அவர்களிடம் என்ஜினைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. வியாழன் இரவு உங்கள் முறைத் தண்ணீர் எங்கே போனது என்று மட்டும் கேட்டாள். அவர்களுக்கும் அது தெரியாமல்தான் இருந்தது. அவள் தெரியப்படுத்தினாள்.

அவர்கள் மண்வெட்டியோடு தோட்டத்துக்குள் வந்தபோது, கம்போடு நின்ற நாலு பேருக்கு நடுவே தேவதாசன் குளத்துப் படியில் உட்கார்ந்திருந்தார். அவர் நெற்றியில் ரத்தம் வழிந்தது. ஒருவன் தள்ளிவிட்டிருந்தான். அவர் படியைவிட்டு எழுந்திருக்கவில்லை.

“இது என் குளம்,” என்றார் சிவசண்முகம்.

“குளம் உங்களது, அண்ணாச்சி. தண்ணி எங்களது,” என்றார் ஒரு வயதான விவசாயி. கம்பு பிடித்த நாலு பேரில் ஒருவன் அவருடைய தங்கை மகன். அவன் கம்பைக் கீழே போட்டான்.

குளத்து மதகைத் திறந்தார்கள். தண்ணீர் காய்ந்த நாற்றங்கால்களுக்கு ஓடியது. சிவசண்முகம் வண்டி பூட்டச் சொல்லி அம்பாசமுத்திரத்துக்குப் போலீஸைக் கூட்டிவரப் போனார். பொழுது சாயும் நேரத்தில் அல்லி இலைகளுக்கு நடுவே ஒரு பச்சைத் தகடு தெரிந்தது. புகைபோக்கியைக் கழற்றிவிட்டு என்ஜினை அப்படியே உள்ளே உருட்டியிருந்தார்கள். மதகுக்குக் கீழே தங்கிய தண்ணீரை ஊர்க்காரர்கள் கூடையால் இறைத்தார்கள். தேவதாசனும் இன்பமணியும் படியிலேயே இரவைக் கழித்தார்கள்.

ஞாயிறு காலை ஏழு மணிக்குச் சக்கரங்கள் வெளியே வந்தன. அதே நேரத்தில் சிவசண்முகத்தின் வண்டியும் வந்தது. கூடவே சப்-இன்ஸ்பெக்டர் எலியேசர்.

“அந்நியர் தோட்டத்துல புகுந்து மடையை உடைச்சதா புகார்,” என்றார் எலியேசர். அவர் தேவதாசனின் பழைய இலாகாவைச் சேர்ந்தவர்தான். ஆனால் முகத்தில் சலுகை எதுவும் இல்லை. “உங்க பதில் என்ன சார்?”

“வித்துத் தூத்துக்குடிக்குப் போன இஞ்சின் இங்கன கிடக்கு. அதுதான் பதில். இதோட பிரேக் கம்பியைக் கொஞ்சம் உங்க கண்ணால பாருங்க. அது போதும்.”

எலியேசர் பூட்ஸைக் கழற்றிவிட்டுச் சேற்றில் இறங்கினார். என்ஜினுக்கு அடியில் குனிந்தார். அவர் கையை நீட்டித் தடவி, ஒரு கல்லை எடுத்துத் தட்டினார்.

கணீர் என்று கேட்டது.

“இரும்பு,” என்றார். “முழுசா இருக்கு. ஒடியலை.”

சிவசண்முகம் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். “பாத்தாச்சா வே? பழைய இரும்பு எடத்தை அடைச்சுக்கிட்டுக் கிடந்துது. குளத்துல தள்ளுனேன். வித்துட்டேன்னு சொன்னது பொய்தான். அதுக்குத் தூக்குத் தண்டனையா? பிரேக் நல்லாத்தான் இருக்கு. குடிகாரன்தான் கொன்னான்.”

எலியேசர் சேற்றிலிருந்து கரையேறினார். “சார், நீங்க என்னோட ஸ்டேஷனுக்கு வர வேண்டியிருக்கும்.”

தேவதாசன் அசையவில்லை. இரண்டு நாள் தண்ணீரில் கிடந்த சக்கரம் துருப்பிடித்துச் சிவந்திருந்தது. அந்தப் பிரேக் கம்பி மட்டும், மேலே பூசிய எண்ணெய் போகாமல், நேற்றுப் பட்டறையிலிருந்து வந்தது போல் இருந்தது. ஆனால் கம்பி புதிது என்று சொன்னால் எந்தக் கோர்ட் நம்பும்? எப்போது மாற்றியது என்பதற்குச் சாட்சி வேண்டும்.

“ஒரு சந்தேகம்,” என்றாள் இன்பமணி. “நல்ல பிரேக் உள்ள இஞ்சினை யாராவது ஒளிச்சு வைப்பாங்களா? எடுத்துக் காட்டிக் கேஸை முடிச்சிருக்கலாமே. கம்பியை மாத்தின பிறகும் ஒளிக்க வேண்டியிருந்தா, மாத்த முடியாத ஏதோ ஒன்னு இன்னும் அதுலதான் இருக்கணும்.”

தேவதாசன் மனைவியைத் திரும்பிப் பார்த்தார். பிறகு சுடலைவடிவிடம் சொன்னார். “தாயி, நீ இறங்கிப் பாரு. உன் வீட்டுக்காரர் துடைக்கும்போது தினமும் பாத்திருப்பே.”

அவள் இறங்கினாள். முழங்கால்வரை சேறு. என்ஜினுக்கு அடியில் தலையைக் கொடுத்து, கம்பியின் நீளம் முழுவதையும் கையால் தடவிக்கொண்டே போனாள். கம்பி முடிந்து நெம்புகோலில் மாட்டும் இடத்துக்கு வந்ததும் கை நின்றது. நெம்புகோலில் இரண்டு துளைகள். புதுக் கம்பி மேல் துளையில் மாட்டியிருந்தது. கீழ்த் துளையில் ஏதோ அடைத்துக்கொண்டிருந்தது. பார்வைக்கு அதுவும் இரும்பு போலக் கறுப்பாகத்தான் இருந்தது. அவள் நகத்தால் கீறினாள். தார் பூச்சு உரிந்தது. அடியில் கறுப்பும் வெள்ளையுமாக நார் நாராகத் தெரிந்தது.

அவள் உடன்குடிப் பக்கத்துக்காரி. பனங்காட்டில் பிறந்தவள்.

“பனை,” என்றாள். “ஐயா, இது பனங்கம்பு.”

எலியேசர் மறுபடியும் சேற்றில் குதித்தார். பேனாக்கத்தியால் நெம்பிப் பார்த்தார். வரவில்லை. ஏற்கனவே இறுக அடித்து இறக்கிய கம்பு, தண்ணீர் குடித்து ஊதி, துளையை இன்னும் இறுக்கிப் பிடித்திருந்தது. முறிந்த முனை மட்டும் சிலிர்த்துக்கொண்டு வெளியே நின்றது. நெம்புகோலைக் கழற்றாமல் அதை எடுக்க முடியாது. அந்த நெம்புகோலைக் கழற்றத் தெரிந்த ஒரே ஆள் ஜெயிலில் இருந்தான்.

எல்லோரும் சிவசண்முகத்தைப் பார்த்தார்கள். அவர் மேல்படியில் உட்கார்ந்தார்.

“அரிசி மில்லுல ஒரு கம்பி ஒடிஞ்சுது,” என்றார். “ரெண்டு வருசத்துக்கு முன்னால. இஞ்சின் சும்மாதானே நிக்குதுன்னு, சங்கிலிபூதத்தான் ஊர்ல இல்லாத நாள்ல அதுல இருந்ததை எடுத்தேன். பாக்குறதுக்குக் குறையாத் தெரியக் கூடாதுன்னு பனங்கம்பை மாட்டித் தார் பூசச் சொன்னேன். அது எனக்கு மறந்துபோச்சு வே. சத்தியமா மறந்துபோச்சு. மறுநாள் காலையிலதான் ஞாபகம் வந்துது. வந்தப்போ அவன் ஜெயில்ல இருந்தான்.”

“அப்பச் சொல்லியிருக்கலாமே, அண்ணாச்சி,” என்றார் தேவதாசன்.

“சொல்லியிருக்கலாம்,” என்றார் சிவசண்முகம்.

எலியேசர் கண்டதையெல்லாம் அங்கேயே மகஜராக எழுதினார். ஊர்ப் பெரியவர்கள் நாலு பேர் கையெழுத்துப் போட்டார்கள். நெம்புகோலை அறுத்து எடுத்து, சாக்கில் சுற்றி முத்திரை வைத்தார்கள். திங்கட்கிழமை பகல் இரண்டு மணிக்கு மாஜிஸ்திரேட் சங்கிலிபூதத்தானை விடுவித்தார். சிவசண்முகத்தின் மேல் வழக்குப் பதியச் சொன்னார்.

சங்கிலிபூதத்தான் கோர்ட் வாசலுக்கு வந்தபோது வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கினான். ஒல்லியான மனிதன். தேவதாசனைக் கும்பிட்டான். சுடலைவடிவு அவன் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள்.

“ஐயா, உங்ககிட்ட மட்டும் ஒன்னு சொல்லணும்,” என்றான். “ஆவி ஏத்துறதுக்கு முன்னால கீழ குனிஞ்சு எல்லாத்தையும் தட்டிப் பாக்கணும். மலையில ஓட்டும்போது ஒரு நாள் தப்பாம பாப்பேன். அன்னைக்குப் பாக்கலை. பேண்டு வாசிச்சாக, கூட்டம் கை தட்டுச்சு. புதுத் தலைப்பாகை கட்டிக்கிட்டு மேல நின்னேன். குனியலை. கோர்ட்டுல யாரும் கேக்கலை. நானும் சொல்லலை.”

தேவதாசன் அவன் தோளைத் தொட்டார்.

“வீட்டுக்கு வாங்க,” என்றாள் சுடலைவடிவு. “பிள்ளைக காத்துக் கிடக்கு.”

“மொதல்ல மாடக்கண்ணோட ஆத்தா வீட்டுக்குப் போயிட்டு வருதேன்.”

“நானும் வருதேன்.”

“அவ கதவைச் சாத்திட்டா?”

“சாத்துனா வெளிய நிப்போம்,” என்றாள் அவள். இருவரும் படியிறங்கி நடந்தார்கள்.